திருத்தத்துக்கு ஒரு திருத்தம்

“‘எச்சரிக்கை: மூடியைத் திறக்கும் முன் மின்சாரத்தை நிறுத்தவும். குழந்தைவேல் மாமா ஒருநாளும் நிறுத்துவதில்லை. கரண்ட் தன்னைக் கண்டு பயப்படும் என்று அவருக்கு நினைப்பு.’” ஷாலினி புத்தகத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். “ஏனுங்க, இது எங்கப்பாதானுங்களே?”

தீனதயாளன் வாயிலிருந்த இட்லி உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

“எங்க போட்டிருக்குது?”

“புக்குலதான். நீங்க எழுதுன புக்கு.”

பிடுங்கிப் பார்த்தான். அச்சகத்தில் மாதிரிக்கென்று கையில் கொடுத்த பிரதி அது. போன மாதமே வாங்கி வந்து, கசங்கக் கூடாதென்று பீரோவில் வைத்திருந்தான்; மற்றதெல்லாம் கட்டுக்கட்டாக நேரே பட்டறைக்குப் போயிருந்தது. இன்றைக்குத்தான் பெண்டாட்டியிடம் பெருமையாக நீட்டினான். பெருமை ஒரு பக்கம்கூடத் தாங்கவில்லை.

“‘பெல்ட்டின் இறுக்கம் இரண்டு விரல் அளவு இருக்க வேண்டும். யாருடைய விரல் என்று கேட்டதற்கு மாமா முறைத்தார்.’” ஷாலினி எட்டிப் பார்த்துத் தொடர்ந்து படித்தாள். “‘இது மாமா வரைந்த படம். மெஷின் மாதிரி இல்லை, ஆட்டுக்குட்டி மாதிரி இருக்கிறது.’”

“போதும், நிறுத்து.”

“நெசமாவே ஆட்டுக்குட்டியாட்டந்தான் இருக்குதுங்க.”

விஷயம் இதுதான். தீனதயாளன் பெங்களூரில் சாஃப்ட்வேர் கம்பெனியொன்றில் கையேடு எழுதிக்கொண்டிருந்தவன். அந்த வேலை போயிற்று. மாமனார் குழந்தைவேல் புதுச்சத்திரத்தில் பட்டறை வைத்து, கோழிப் பண்ணைகளுக்குத் தீவன மெஷின் செய்து விற்பவர். “மாப்பிள்ளை நம்ம மெஷினுக்குப் புக்குப் போடட்டுமே” என்று அவர்தான் கூப்பிட்டார். மாமனார் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடும் மாப்பிள்ளை என்று ஊரில் ஒருத்தரும் சொல்லிவிடாமல் இருக்க, தீனதயாளனுக்கு இருந்த ஒரே பிடிமானம் இந்தப் புத்தகம். அது போனால் மானம் போயிற்று.

எல்லாவற்றையும் ஓப்பன் சோர்ஸ் கருவிகளிலேயே செய்தான்.

“அந்த சாஃப்ட்வேரு என்ன வெலைங்க மாப்பிள்ளை?” என்று குழந்தைவேல் அப்போதே கேட்டார்.

“இலவசம் மாமா. உலகத்துல யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாம். பிரிச்சு உள்ளயும் பாக்கலாம்.”

“சும்மா குடுக்கறானுங்களா? எதுக்குங்க?”

குழந்தைவேல் தானமாக வந்த மாட்டையும் பல்லைப் பிடித்துப் பார்க்கிற ரகம். ஆனால் பெண்ணெடுத்த மாப்பிள்ளையிடம் எப்படி மறுத்துப் பேசுவது? “நீங்க சொன்னாச் சரிங்க மாப்பிள்ளை” என்று முடித்துக்கொண்டார். அந்த வீட்டில் மாப்பிள்ளைக்கு நல்ல வார்த்தை நேரே வரும். மற்ற வார்த்தையெல்லாம் பட்டறையில் கணக்குப் பார்க்கும் மைதிலி வழியாகச் சுற்றிக்கொண்டு வரும். “மைதிலி, மாப்பிள்ளை வண்டியச் சித்த தள்ளி நிறுத்துனா லாரி உள்ள வரும்” என்பார். மாப்பிள்ளை பக்கத்திலேயேதான் நின்றுகொண்டிருப்பான்.

கருவிமேல் தப்பே இல்லை. அதில் எதையும் துண்டு துண்டாக எழுதி வைத்தால் போதும். ஓர் எச்சரிக்கையை ஒரு தடவை எழுதினால், அரைக்கிற மெஷின், கலக்குகிற மெஷின், மூட்டை ஏற்றுகிற மெஷின் என்று எல்லாக் கையேட்டிலும் அது தானே போய் உட்கார்ந்துகொள்ளும். தனக்காக எழுதும் குறிப்புக்கு ‘உள்குறிப்பு’ என்று அடையாளம் போட்டுவிட்டால், புத்தகமாக்கும்போது வடிகட்டிவிடு என்று சொல்லலாம். சொன்னால்தான் வடிகட்டும். அச்சுக்கு அனுப்பிய அன்று இந்தப் புண்ணியவான் அதைச் சொல்லவில்லை. மாமனாரிடம் வாய்விட்டுச் சொல்ல முடியாத எரிச்சலையெல்லாம் உள்குறிப்பில்தான் கொட்டி வைத்திருந்தான். அத்தனையும் எல்லாக் கையேட்டிலும் ஏறி உட்கார்ந்திருந்தன.

கை கழுவாமலே மைதிலிக்குப் போன் போட்டான்.

“மைதிலி, புதுப் புக்கெல்லாம் மெஷினோட போயிருச்சா?”

“மெஷினெல்லாம் போயிருச்சுங்க சார்.”

“புக்கு?”

“எல்லாம் நல்லபடியா நடந்துட்டிருக்குதுங்க. ஐயா கூப்பிடறாருங்க, வெச்சர்றனுங்க.”

புக்கும் போயிருக்கும் என்று தீனதயாளன் முடிவுகட்டினான். ராசிபுரம் பக்கமிருந்து ஆத்தூர் வரைக்கும் எத்தனை பண்ணை! அத்தனையிலும் இப்போது மாமனார் பேர் சந்தி சிரித்துக்கொண்டிருக்கும்.

“பேசாம அப்பாகிட்டப் போயி ஒத்துக்கங்க” என்றாள் ஷாலினி.

“அதுக்கு நான் கெணத்துல உழுந்துருவேன்.”

“கெணத்துல தண்ணியில்லீங்க.”

படித்தவனல்லவா, படித்தவன் செய்கிற காரியத்தைச் செய்தான். பிழைதிருத்தம் போடலாம் என்று முடிவெடுத்தான். உள்குறிப்புகளை நீக்கினான். பழைய பிரதியையும் புதிய பிரதியையும் ஒப்பிட்டு, மாறிய இடங்களைத் தொகுத்துத் தரும்படி கருவியைக் கேட்டான். நொடியில் தந்தது. ‘அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு’ என்று தலைப்பிட்டு, பண்ணைக்காரர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டான். மாமனாரிடம் இருப்பது பட்டன் போன், அவர் கண்ணில் படாது என்று ஒரு நிம்மதி.

அனுப்பிய பிறகுதான் திறந்து படித்தான். முதல் வரி இப்படி இருந்தது: ‘குழந்தைவேல் மாமா ஒருநாளும் நிறுத்துவதில்லை. கரண்ட் தன்னைக் கண்டு பயப்படும் என்று அவருக்கு நினைப்பு’ என்பதை நீக்கிப் படிக்கவும்.

எதை நீக்க வேண்டும் என்று சொல்லாமல் திருத்தம் போட முடியுமா? புத்தகம் முழுக்கச் சிதறிக் கிடந்ததையெல்லாம் கருவி பொறுக்கியெடுத்து, ஒரே தாளில், தடித்த எழுத்தில் அடுக்கிக் கொடுத்திருந்தது. அழிக்கப் போனான். பதற்றத்தில் ‘எல்லோருக்கும்’ என்பதற்குப் பதில் ‘எனக்கு மட்டும்’ என்பதைத் தொட்டுவிட்டான். அவன் கண்ணிலிருந்து மட்டும் அது மறைந்தது.

நாமகிரிப்பேட்டை வேலுமணியிடமிருந்து குரல் செய்தி வந்தது. “தம்பி, புக்கு எங்க கெடக்குதுன்னு தெரியலீங்க. ஆனா இந்தத் தாள ஊட்டுல எல்லாரும் உக்காந்து படிச்சமுங்க. பெல்ட்டு சமாச்சாரத்துல என்ற சம்சாரம் சிரிச்சு பொரையேறிப்போச்சு. அந்த ஆட்டுக்குட்டிப் படத்த அனுப்பி உடுங்க.”

தீனதயாளன் தலையிலடித்துக்கொண்டான். பெயர் தெரிவதால்தானே இத்தனை அவமானம்? பெயரை மாற்றிவிட்டால்? ‘குழந்தைவேல் மாமா’ என்று அவன் ஒவ்வொரு இடத்திலும் தட்டியிருக்கவில்லை. பெயரை ஒரே இடத்தில் எழுதி வைத்து, எல்லா இடத்திலும் அதையே இழுத்துப் போட்டிருந்தான். அங்கே போய் மாற்றினால் எங்கும் மாறிவிடும். அவசரத்தில் பொதுவாக ஒரு சொல் தோன்றியது. போட்டான். ‘திருத்தத்துக்கு ஒரு திருத்தம். முன்னர் அனுப்பியதைப் பொருட்படுத்த வேண்டாம்’ என்று எழுதி, அதையும் குரூப்பில் ஏற்றினான்.

அவன் போட்ட பொதுவான சொல், ‘வாடிக்கையாளர்.’

‘வாடிக்கையாளர் ஒருநாளும் நிறுத்துவதில்லை. கரண்ட் தன்னைக் கண்டு பயப்படும் என்று அவருக்கு நினைப்பு.’ கீழே இன்னொன்று: ‘எண்ணெய் எப்போது மாற்ற வேண்டும் என்று வாடிக்கையாளருக்கே தெரியாது. சத்தம் வந்தால் பார்க்கலாம் என்கிற ஆள்.’

வாழப்பாடி சென்னியம்மாளுக்கு இரண்டு பண்ணை. குரல் செய்தியெல்லாம் போட்டுக்கொண்டிருக்கவில்லை, நேராகவே கூப்பிட்டார்.

“யாரைப் பாத்துய்யா ஒண்ணும் தெரியாதுங்கிற? நீ பொறக்கறதுக்கு முன்னாடியே கோழி வளக்கறவ நான்! பஸ் ஏறிட்டேன். வந்து உங்க முதலாளியையே கேக்கறேன்.”

இனி ஒளிய இடமில்லை. அந்த அம்மாள் வந்து சேர்வதற்குள் தன் வாயாலேயே சொல்லிவிட வேண்டும். வண்டியை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் பறந்தான்.

குழந்தைவேல் ஒரு மெஷினுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். மருமகனைக் கண்டதும் தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

“வாங்க மாப்பிள்ளை, வாங்க. மைதிலி, மாப்பிள்ளைக்குச் சேர் எடுத்துப் போடு. டீ சொல்லு சாமி.”

அந்த மரியாதை தீனதயாளனைச் சுட்டது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

“மாமா, நான் ஒரு தப்புப் பண்ணிட்டனுங்க.”

எல்லாவற்றையும் கொட்டினான். கரண்ட்டைச் சொன்னான், பெல்ட்டைச் சொன்னான், விரலைச் சொன்னான். சொல்லச் சொல்ல, வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தவர்கள் முகமூடியைத் தூக்கிக்கொண்டு கேட்டார்கள். ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போனார். பண்ணைக்காரர் வீடுகளிலெல்லாம் அந்தப் புத்தகம் கிடக்கிறது, திருத்தப் போய் ஊர் முழுக்கப் பரப்பிவிட்டேன், சென்னியம்மாள் பஸ்ஸில் வந்துகொண்டிருக்கிறார் என்று முடித்தான். பூமி பிளந்து விழுங்கினால் தேவலை என்று நின்றான்.

குழந்தைவேல் கையிலிருந்த கிரீஸை வெகுநேரம் துடைத்தார்.

“ஆட்டுக்குட்டியாட்டமாங்க இருக்குது?”

“மன்னிச்சிருங்க மாமா.”

“எந்தூட்டு ஆட்டுக்குட்டிங்க அப்படி இருக்குது?”

தீனதயாளன் தலையைத் தொங்கப்போட்டான். இந்தப் புத்தகம்தான் தன் மரியாதையென்று இருந்தேன், அதை நானே கெடுத்துக்கொண்டேன் என்று முனகினான். குழந்தைவேலுக்குக் கோபம் போய்விட்டது. அதைவிட மோசமான எதுவோ முகத்தில் தெரிந்தது. மருமகனைப் பார்க்க முடியாமல் மைதிலி பக்கம் திரும்பினார்.

“மைதிலி, அத மாப்பிள்ளைகிட்டச் சொல்லிப்போடு சாமி. என்ற வாயில வராது.”

சொல்லிவிட்டு மறுபடியும் மெஷினுக்குள் தலையை விட்டுக்கொண்டார்.

மைதிலி டீ டம்ளரை அவன் கையில் கொடுத்தாள்.

“மனசுல வெச்சுக்காதீங்க சார். சும்மா கெடைச்ச சாமான்ல செஞ்ச புக்கு, மெஷினோட போனா நம்ம பேரு கெட்டுருமோன்னு ஐயாவுக்குப் பயமுங்க. வேண்டாம்னா உங்களுக்கு நோகுமேன்னு, புக்குக் கட்டக்கூடப் பிரிக்காம குடோன்லயே அடுக்கச் சொல்லிட்டாரு. நீங்க எழுதுனதுல வெளிய போனது, இன்னைக்கு குரூப்புல போட்டீங்களே, அந்த ரெண்டு மட்டுந்தானுங்க.”