கடைசிக் காவலில் ஓட்டை

திங்கட்கிழமை காலை ஓரின் குச்சேரா ஒரு சபதம் செய்தான். வானம் இடிந்து விழுந்தாலும் சரி, மனைவி டார்லீன் இடிந்து விழுந்தாலும் சரி, இந்தச் சனிக்கிழமை அவன் மைதானத்தில்தான் இருப்பான். கல்யாணத்துக்குப் போகமாட்டான். சபதத்தைக் குளியலறையில், கதவைத் தாழிட்டுக்கொண்டு, குழாயையும் திறந்துவிட்டுத்தான் செய்தான். நெப்ராஸ்காவில் குடும்பஸ்தனுக்கு அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது.

கல்யாணம் டார்லீனின் அக்கா மகள் பிரென்னாவுக்கு. அக்டோபர் சனிக்கிழமையில் கல்யாணம் வைப்பவர்களை அந்த ஊரில் பாதிரியார்கூட மன்னிக்கமாட்டார். பெண் வீட்டார் ஒன்றும் விவரம் கெட்டவர்கள் இல்லை. சாண்ட் கிரீக் கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணியான நாரைகளுக்கு ஆட்டமே இல்லாத ஒரே சனிக்கிழமையை, பஞ்சாங்கம் பார்ப்பதுபோல் அட்டவணையைப் பார்த்துத்தான் குறித்தார்கள். பாழாய்ப்போன தொலைக்காட்சிக்காரர்கள் வேறொரு வாரத்து ஆட்டத்தைத் தூக்கி, அதே நாள் அதே இரண்டு மணிக்குப் போட்டுவிட்டார்கள்.

இதில் இன்னொரு கூத்து. மாப்பிள்ளையின் தம்பி ட்ரெவர்தான் நாரைகளின் கடைசிக் காவல்காரன். முன்னால் பத்துப் பேரும் ஏமாந்தாலும், பந்தை இடுக்கிக்கொண்டு ஓடி வருகிறவனை அவன் மடக்க வேண்டும். போன சனிக்கிழமை மடக்கவில்லை. கடைசியான நாலாம் கட்டத்தில் இரண்டு பேர் அவனைத் தாண்டிப் போனார்கள். கைக்கே வந்த பந்து ஒன்று நழுவியது. பதினொரு புள்ளி முன்னிலை கரைந்து, மூன்று புள்ளியில் தோல்வி.

அன்றிலிருந்து ஓரினுக்குச் சாப்பாடே இறங்கவில்லை. சிலி என்னும் மாட்டுக்கறிக் குழம்பு இரண்டு கிண்ணமும் லவங்கப்பட்டை ரொட்டி மூன்றும் மட்டும் எப்படியோ இறங்கிக்கொண்டிருந்தன. திங்கட்கிழமை இரவு, மேசையில் எதிரே பக்கத்து வீட்டு லைல் உட்கார்ந்திருந்தான்.

"அது காவலாடா? என் கோழிக்கூட்டுக் கதவு அதைவிடக் கெட்டியா நிக்கும்!" என்றான் ஓரின்.

"நாலாம் வருஷத்துப் பையன். அனுபவம் இருக்குல்ல?"

"என்ன அனுபவம்? தாண்டிப் போறவன் முதுகைப் பாத்துக்கிட்டே பின்னாடி ஓடுற அனுபவம்! எதிரணிக்காரன் சட்டை நம்பரெல்லாம் அவனுக்கு மனப்பாடம்!"

"அப்ப யாரை இறக்கச் சொல்ற?"

"எஸ்ராவை! முதலாண்டுப் பையன்தான், ஆனா சிறுத்தை. பயிற்சியில ஒரே நாள்ல நாலு பந்தைப் பிடுங்கினானாம். அவனைக் கொண்டுபோய் பெஞ்சுக்குக் காவல் போட்டிருக்கார் கோச்."

"பதினோரு வருஷமா அவர் ஒரு முதலாண்டுப் பையனையும் ஆரம்பத்துலேர்ந்து இறக்கினதில்லடா. செத்தாலும் மாத்த மாட்டார்."

அடுப்படியில் நின்ற டார்லீன் திரும்பினாள். "ட்ரெவர் நமக்குச் சொந்தக்காரன் ஆகப்போறான், ஓரின்."

"அதனாலதான் மரியாதையா பேசிக்கிட்டிருக்கேன்."

"கல்யாணத்துக்கு..."

"டார்லீன், கண்ணு, கொஞ்சம் யோசி. மாப்பிள்ளையோட கூடப்பொறந்த தம்பியே ஆட்டம் இருக்குன்னு வர முடியாதுன்னுட்டான். பொண்ணோட சித்தப்பா நான் எதுக்கு?"

டார்லீன் கையைத் துடைத்துக்கொண்டாள். "நியாயம்தான்," என்றாள்.

பதினெட்டு வருஷத் தாம்பத்தியத்தில் அவள் அந்த வார்த்தையை இரண்டே முறைதான் சொல்லியிருக்கிறாள். முதல் முறை வீட்டுக்கு ஒரு பியானோ வந்தது. இரண்டாம் முறை அவள் அம்மா வந்தாள். ஓரின் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

"ஒரு பந்தயம் வச்சுக்கலாம்," என்றாள். "வியாழக்கிழமை கோச் ரேடியோவுல பேசுவார்ல? ட்ரெவர்தான் இறங்கறான்னு சொன்னா, நீ தாராளமா மைதானத்துக்குப் போ. அதுக்கப்புறம் எந்தச் சனிக்கிழமையும் உன்னை எங்கேயும் கூப்பிட மாட்டேன். எஸ்ரா இறங்கறான்னு சொன்னா, கல்யாணத்துக்கு வரணும்."

"எந்தச் சனிக்கிழமையும்?"

"எந்தச் சனிக்கிழமையும்."

"உங்கம்மா பொறந்த நாளு?"

"அதுவும்தான்."

ஒத்துக்கொள் என்பதுபோல் லைல் மேசைக்கடியில் ஓரினை உதைத்தான். உதைக்கத் தேவையே இல்லை. "எஸ்ரா இறங்கினா டை கட்டிக்கிட்டு வர்றேன்!" என்று கத்தினான் ஓரின். "உங்கக்காகூட டான்ஸ் ஆடறேன்!"

அதற்குப் பிறகு மூன்று நாள் அவன் பாடு திண்டாட்டம்தான். டிராக்டர் சாமான் கடையில், கல்லாவில் நின்றபடி வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "எஸ்ராவை இறக்கணும்!" என்று வாய் கிழியப் பேசினான். ஆள் போனதும், "கர்த்தாவே, எஸ்ராவை இறக்கிடாதீங்க," என்று ரகசியமாக மன்றாடினான்.

வியாழக்கிழமை கோச் வழக்கம்போல ஊர் மாட்டிறைச்சி உணவகத்தில் உட்கார்ந்து, சாப்பிட்டுக்கொண்டே வானொலியில் பேசினார். ஊர்க்காரர்கள் மைக்கின் முன் வரிசை கட்டிக் கேள்வி கேட்டார்கள். ஓரினும் நின்றான். "முடியாது" என்ற அந்த ஒரு வார்த்தை, கூட வந்திருந்த டார்லீன் காதிலே, சாட்சிகளோடு விழ வேண்டும்.

"கோச், முதலாண்டுப் பையன் எஸ்ராவை எப்பத்தான் இறக்கப் போறீங்க?"

கோச் வாயிலிருந்ததை மென்று விழுங்கினார். "சனிக்கிழமை. ஆரம்பத்துலேர்ந்தே."

உணவகமே எழுந்து நின்றது. எல்லோரையும்விட உயரமாகக் குதித்தவன் ஓரின்தான். லைல் அவனைக் கட்டிப்பிடித்தான். முன்பின் தெரியாத சோள விவசாயி ஒருவர் அவன் வழுக்கையில் முத்தம் கொடுத்தார். "நான் சொன்னேன்ல! நான் சொன்னேன்ல!" என்று இன்னொரு முறை குதித்தவன், பாதி உயரத்தில் டார்லீனைப் பார்த்தான். அவள் இறைச்சியைப் பொடிப்பொடியாக வெட்டி, நிதானமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

கார் கிளம்பியது. ஓரின் கேட்டான். "உனக்கு எப்படித் தெரியும்?"

"ஞாயித்துக்கிழமையே தெரியும். ட்ரெவருக்கு இடது மணிக்கட்டு உடைஞ்சிருக்கு. மூணாவது கட்டத்துலயே உடைஞ்சு, யார்கிட்டயும் சொல்லாம கடைசி வரைக்கும் ஆடியிருக்கான். வியாழக்கிழமை வரைக்கும் எதிரணிக்குத் தெரியக்கூடாதுன்னு கோச் மூடி வச்சுட்டார். அந்த இடத்துக்கு எஸ்ராவை விட்டா வேற ஆளும் இல்ல. ஆட்டம் இல்லைன்னதும் கல்யாணத்துக்கு வர்றேன்னுட்டான். கோட்டுக் கையில மாவுக்கட்டு நுழையலைன்னு அவங்கம்மா பிரிச்சுத் தைக்க என்கிட்ட கொடுத்தாங்க. அந்தக் கோட்டு நாலு நாளா நம்ம சாப்பாட்டு மேசையிலதான் கிடக்குது. நீ அது மேலதான் முழங்கையை வச்சுக்கிட்டுப் பேசுன."

ஓரினுக்கு நிஜமாகவே வெட்கமாகப் போயிற்று. உடைந்த கையோடு ஆடிய பையனை என்னவெல்லாம் சொன்னோம் என்று மனசு சுட்டது. ஆட்டம் போச்சே என்பது அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சுட்டது.

"ஒரு சின்ன ரேடியோவையாவது காதுல மாட்டிக்கட்டுமா?"

"எதுக்கு? விருந்துல உன்னை ட்ரெவர் பக்கத்துலதான் உக்கார வச்சிருக்கேன். ஆட்டத்தைப் பத்தி எல்லாம் அவன்கிட்டயே பேசிக்கோ. இந்த வாரம் நீ அவனைப் பத்திச் சொன்னதையெல்லாம் அவங்கம்மாகிட்ட ஒண்ணு விடாம சொல்லிட்டேன். உன்னைப் பாக்கணும்னு ரொம்ப ஆசையா இருக்கானாம்."

ஓரினுக்கு ட்ரெவரின் ஆறடி நாலங்குலம் கண்முன் வந்து நின்றது. "பாவம், கை உடைஞ்ச பையன்," என்றான் ஈனசுரத்தில்.

"அவனை நினைச்சுக் கவலைப்படாதே, ஓரின்," என்றாள் டார்லீன். "வலது கை நல்லாத்தான் இருக்கு."