அக்காவின் போர்வையும் பழுப்பு நூலும்

அன்பு அக்காவுக்கு,

உன் தம்பி பணிவுடன் எழுதுவது. கடிதம் என்றால் ‘இங்கு நலம்’ என்று தொடங்க வேண்டும். பதினாறு நாளாக நீ என்னோடு பேசவில்லை, ஆகவே அந்தச் சொல்லைப் போட மனம் வரவில்லை. நீ நலமா என்று உன் மகளிடம் கேட்டால், “அம்மா தூங்குறாங்க மாமா” என்கிறாள். காலை பத்து மணிக்கு வந்தாலும் தூக்கம், மாலை ஐந்து மணிக்கு வந்தாலும் தூக்கம். உள்ளே மிக்சி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்கிறது. தூக்கத்திலேயே அரைக்கிறாய் போலிருக்கிறது. இரண்டு தெரு தள்ளி இருக்கிற அக்காவுக்குக் கடிதம் எழுதும்படி ஆகிவிட்டது. தப்பு என்னுடையதுதான். அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், பாதியில் நீ கிழித்துப் போட்டாலும் இந்த வரியாவது உன் கண்ணில் பட்டிருக்கும்.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். கலை விழாச் செயலாளர் மண்டபத்துச் சாவியை என் கையில் கொடுத்து, “அண்ணே, கைவினைக் கண்காட்சிக்கு நம்பிக்கையான ஆள் வேணும். யாரும் எதையும் தொடாம பார்த்துக்குங்க, அது போதும்” என்றார். நாற்பத்திரண்டு வருடம் தையல் கடையில் உட்கார்ந்து ஊரார் கிழித்ததையெல்லாம் தடம் தெரியாமல் இழையோட்டிக் கொடுத்தவனைப் பார்த்து இப்படிச் சொன்னார். பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதை அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது. ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும், வாடகை நாற்காலி கொண்டுவருபவர் சொன்னபடி ஒன்பது மணிக்கு வந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இல்லை. அவர் வந்தது மாலை நாலு மணிக்கு. அதுவரை அந்தப் பெரிய மண்டபத்தில் நானும் கண்காட்சிப் பொருட்களும் மட்டும்தான், மறுநாள் காலைதான் விழா. சும்மா இருந்த கை முதலில் போனது குயவர் வைத்திருந்த பானையிடம். பானை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. பாவமே என்று அட்டையை நாலாக மடித்து அடியில் முட்டுக் கொடுத்து நிமிர்த்தி வைத்தேன். அந்தச் சாய்வு வருவதற்கு அவர் மூன்று வாரம் பாடுபட்டாராம். அதை அவர் மறுநாள் சொன்னார், சொன்ன விதத்தை இங்கே எழுத முடியாது. அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன், அவரும் திட்டி முடித்துவிட்டார், கணக்கு தீர்ந்தது. உன் கணக்குதான் தீரவில்லை.

உன் போர்வை நடுச்சுவரில் தொங்கியது. ஆறு கட்டம், ஆறு பழைய துணி. பெயர் அட்டைகள் அச்சகத்திலிருந்து வரவில்லை, அதனால் அதற்கு நீ என்ன தலைப்புக் கொடுத்திருந்தாய் என்று எனக்குத் தெரியாது. ஆனால் துணிகளைத் தெரியாதா? அப்பாவின் பட்டறைச் சட்டை, பேட்டரித் தண்ணீர் தின்ற ஓட்டையோடு. அம்மாவின் சேலை, அடுப்புப் பொறி விழுந்த இடத்தோடு. உன் மகள் சுவரேறிக் குதித்துக் கிழித்துக்கொண்ட பள்ளிச் சீருடை. பக்கத்து வீட்டு டீச்சரின் கைக்குட்டைக்குக்கூட ஒரு கட்டம் இருந்தது. அத்தானுக்கு இரண்டு கட்டம், ஒன்று சாம்பல் நிறச் சட்டை, ஒன்று நீலச் சட்டை. என்னுடையது ஒன்றுமில்லை. இரண்டு தடவை எண்ணிப் பார்த்தேன், எட்டிப் போய் நின்றும் எண்ணினேன். கூடப் பிறந்தவனுக்கு ஒரு சாண் துணி கிடைக்கவில்லையா என்று மனசு சுருக்கென்றது. இந்த வயதில் இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் மறைத்தால் மன்னிப்பு பாதி மன்னிப்பாகிவிடும். சரி, துணி கொடுக்க முடியாதவன் கையையாவது கொடுப்போம் என்று நினைத்தேன். அக்காவுக்குக் கண் மங்கிவிட்டது, கிழிசலைக் கவனிக்காமல் தைத்துவிட்டாள், நாளைக்கு நாலு பேர் சிரிக்கக் கூடாதே என்றும் நினைத்தேன். ஊசி என் காலருக்குள் எப்போதும் இருப்பது உனக்குத் தெரியும்.

ஐந்து கிழிசலையும் அடைத்தேன். அந்தந்தத் துணியின் ஓரத்திலிருந்தே இழை உருவி அடைத்தேன், பூதக்கண்ணாடி வைத்துத் தேடினாலும் அகப்படாது. அப்புறம் அத்தானின் நீலச் சட்டைக்கு வந்தேன். அதில் கிழிசல் ஏற்கெனவே தைக்கப்பட்டிருந்தது. நீலத் துணியில் பழுப்பு நூல், கோழி கிளறிய மாதிரி ஒரு தையல். ‘இதைப் போட்டவன் கையை உடைக்கணும்’ என்று காலி மண்டபத்தில் வாய்விட்டே சொன்னேன். அதைப் பிரித்துவிட்டு இழையோட்டினேன். என் வாழ்நாளில் அப்படி ஒரு வேலை செய்ததில்லை.

மறுநாள் அட்டைகள் வந்தன. உன் அட்டையில், ‘என் மனிதர்கள். ஒவ்வொரு கிழிசலும் ஓர் ஆள். தொட்டுப் பாருங்கள்’ என்று இருந்தது. தொட்டுப் பார்க்க வரிசை நின்றது, தொடுவதற்குத்தான் ஒன்றுமில்லை. நடுவராக வந்த ஓவிய ஆசிரியை தடவித் தடவிப் பார்த்துவிட்டு, “கிழிசல் எங்கம்மா இருக்கு?” என்று கேட்டார். நீ ஒவ்வொரு கட்டமாகக் கையை வைத்துக்கொண்டே வந்தாய். ஐந்து கட்டம் வரைக்கும் உன் முகத்தில் கோபம்தான் இருந்தது, அதை நான் தாங்கியிருப்பேன், சின்ன வயதிலிருந்து பழக்கம்தானே. நீலச் சட்டையில் கை வைத்ததும் கோபமும் போய்விட்டது.

“அந்தப் பழுப்பு நூல் எங்கடா?”

“அதுவாக்கா? ஏதோ கத்துக்குட்டி போட்ட தையல். பிரிச்சு நல்லாப் போட்டுட்டேன். இனி தேடினாலும் கிடைக்காது.”

“ஆமா, கிடைக்காதுதான்” என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனாய். போர்வையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாயங்காலம் உனக்கு ‘மிக நேர்த்தியான கைவேலை’ என்று சிறப்புப் பரிசு அறிவித்தார்கள். மேடைக்கு யாரும் போகாததால் நான் போய் வாங்கினேன். பரிசு ஓர் ஊசிப்பெட்டி. நான் வாங்கியதிலேயே கசப்பான பரிசு அதுதான்.

போர்வையை வீட்டுக்குக் கொண்டுவந்து ஐந்து கிழிசலையும் திறந்துவிட்டேன். அடைக்க ஆறு மணி நேரம், திறக்க ஆறு நாள். பழுப்பு நூலும் பத்திரமாக இருக்கிறது, தையற்காரன் நூலைத் தரையில் போடமாட்டான், சட்டைப் பொத்தானில் சுற்றி வைத்திருந்தேன். ஆனால் அந்தத் தையல்தான் திரும்பி வரமாட்டேன் என்கிறது. கோணலாகப் போடத்தான் பார்க்கிறேன், கை நேராகவே போகிறது. கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தைத்தேன், நேராக வந்தது. இடது கையால் தைத்தேன், கொஞ்சம் தாமதமாக நேராக வந்தது. பழைய நூல் நைந்து போகுமே என்று வேறு நூலில் பழகிக்கொண்டிருக்கிறேன். அது அத்தான் தன் கையாலேயே போட்ட தையல் என்று இப்போதுதான் யூகிக்கிறேன். அவர் பழம் நறுக்கினாலே விரலில் கட்டுப் போட வேண்டியிருக்கும், அந்தக் கையின் லட்சணம் அந்தத் தையலில் இருந்தது. அவர் இல்லாமல் போன பிறகு உனக்கென்று மிஞ்சியிருந்த அவர் கைவேலையை நான் பிரித்துவிட்டேன். இதற்கு மன்னிப்பு என்ற சொல் போதாது என்று தெரியும், வேறு சொல் எனக்குத் தெரியவில்லை அக்கா. இனி ஊசியைத் தொடமாட்டேன். காலரில் இருந்ததையும் எடுத்துவிட்டேன்.

உன் மகள் இந்தக் கடிதத்தையும் போர்வையையும் வாங்கிக்கொண்டு போக வருகிறாள். நீ மாத்திரையை வேளைக்குப் போட்டுக்கொள். முழங்கால் வலியோடு மாடிப்படி ஏறி இறங்காதே. இந்த வீட்டில் எல்லோரும் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள். எல்லோரும் என்றால் நான் ஒருவன்தான்.

இப்படிக்கு,
உன் தண்டனைக்குக் காத்திருக்கும்
தம்பி

பின்குறிப்பு: உன் மகள் வந்து இதை நின்றபடியே படித்தாள். முதலில் சிரித்தாள், அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, “மாமா, அப்பாவுக்கு ஊசியில நூல் கோக்கவே தெரியாது. அது நீங்க போட்ட தையல். அப்பாவோட சைக்கிளை ஓட்டிப் பார்க்கறேன்னு எடுத்து, கேரியர்ல இருந்த அவர் சட்டையைக் கிழிச்சுட்டு, அம்மா திட்டுவாங்கன்னு கதவுக்குப் பின்னாடி ஒளிஞ்சு தைச்சீங்களாம். உங்களுக்கு அப்ப பன்னெண்டு வயசு. அப்பா அதைப் பிரிக்கவே விடலையாம். அது அப்பா கட்டம் இல்ல மாமா, உங்க கட்டம்” என்றாள்.

சைக்கிள் இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. அதனால் மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடு. கத்துக்குட்டி, கோழி, கையை உடைப்பது எதையும் நான் அடிக்கவில்லை, நீ படித்துச் சிரிக்க வேண்டும். போர்வையை அவளிடம் கொடுத்தனுப்பவில்லை. நாளைக் காலை பழுப்பு நூலோடும் ஊசியோடும் நானே கொண்டு வருகிறேன், நீ தூங்கக் கூடாது. பக்கத்தில் உட்கார்ந்து திட்டிக்கொண்டே இரு அக்கா. நீ திட்டினால்தான் என் கை நடுங்கும், கை நடுங்கினால்தான் அந்தத் தையல் வரும்.