டிரம்முக்குக் காவல்

ஆற்றுத் தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு இரண்டாவது மாடிக்கு ஏறிய மூட்டைக்காரனின் இடுப்பு, கடைசிப் படியில் 'கடக்' என்றது.

"என்ன உடைஞ்சது?" என்று உள்ளேயிருந்து மனைவி கேட்டாள்.

"ஒண்ணுமில்ல. இடுப்பு."

"நல்லவேளை. நான் கேன்தான் உடைஞ்சு தண்ணி கொட்டிடுச்சோன்னு பயந்துட்டேன்."

சிமெண்டு கோடவுனில் மூட்டை தூக்குகிறவன் அவன். தூக்கித் தூக்கி இடுப்பு தேய்ந்ததுதான் மிச்சம். அந்த இடுப்பை ஒரு நாற்காலியில் உட்கார வைப்பதற்காகத்தான் இத்தனை பாடும். கோடவுன் வாசலில் உட்கார்ந்திருந்த பழைய காவலாளி வேலையை விட்டுவிட்டார். அவருடைய நாற்காலி காலியாகக் கிடந்தது. மெத்தை வைத்தது. மேலே கூரை, பக்கத்தில் ஃபேன். லாரி வந்தால் கேட்டைத் திறக்க வேண்டும், போனால் மூட வேண்டும். நடுவில் கொட்டாவி விடலாம்.

அதில் யாரை உட்கார வைப்பது என்பது மேனேஜர் கையில் இருந்தது. மேனேஜருக்கு உலகத்தில் பிடித்தது தூண்டில் ஒன்றுதான். அந்தத் தூண்டிலை இதுவரை எந்த மீனுக்கும் பிடித்ததில்லை.

"கடல் தண்ணி ஏறி எறங்குற ஆறுய்யா இது. பாலத்துக்கு அடியில ஆள் நீளத்துக்குக் கொடுவா மீன் கெடக்குதாம். ஒண்ணே ஒண்ணு என் கையில மாட்டக் கூடாதா?" என்று அவர் ஒருநாள் சாப்பாட்டு வேளையில் பெருமூச்சு விட்டார். மற்றவர்கள் தலையை மட்டும் ஆட்டினார்கள். மூட்டைக்காரன் நாக்கையும் ஆட்டிவிட்டான்.

"செத்த இரையக் கொடுவா மோந்துகூடப் பாக்காது சார். உசுரோட துள்ளுற இரை வேணும். ஞாயித்துக்கெழம காலையில பாலத்துக்கு வாங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

மீனைப் பற்றி அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதுவும் முடிவெட்டும் கடையில், பக்கத்து நாற்காலிக்காரர் சொல்லிக்கொண்டிருந்தபோது காதில் விழுந்தது.

"மீன் மாட்டுச்சுன்னா, கேட்டு வேலையப் பத்திப் பேசுவோம்," என்றார் மேனேஜர்.

வியாழக்கிழமை, விடிந்தும் விடியாத நேரத்தில், ஆற்றோரம் வலை வீசிக்கொண்டிருந்த ஒருவரிடம் போய் நின்றான். வலைக்காரர் வலையை உதறினார். கலங்கல் தண்ணீரும் சேறுமாக வந்ததிலிருந்து, குனிந்துகூடப் பார்க்காமல் ஒரு கை அள்ளி அவனுடைய வாளியில் போட்டார்.

"மடவைக் குஞ்சு. கொடுவாவுக்கு இதைவிட நல்ல இரை கெடையாது. நான் இன்னைக்கே கடல் பக்கம் கெளம்பறேன். ஞாயித்துக்கெழமதான் வருவேன். அதுவரைக்கும் சாகாம வெச்சுக்கறது உன் சமத்து."

"காசு எவ்வளவுங்க?"

"காசு வேணாம். எம் மீனைத் தின்னுற மீனோட தலை எனக்கு. உடம்பு உனக்கு."

"தலை ரொம்பப் பெருசா இருந்தா?"

"பெருசோ சிறுசோ, தலைன்னா தலைதான். பேச்சு மாறக் கூடாது."

பேச்சு மாறுவதாவது! இல்லாத மீனின் தலையைத் தருகிறேன் என்று சொல்வதில் மூட்டைக்காரனுக்கு ஒரு கஷ்டமும் இருக்கவில்லை.

வீட்டில் பெரிய பாத்திரம் என்று சொல்ல, குளியலறையில் இருந்த நீல டிரம் ஒன்றுதான் இருந்தது. அதிலிருந்த நல்ல தண்ணீரைக் கொட்டி, ஆற்றுத் தண்ணீரை ஊற்றி, மீன்களை விட்டான். எட்டு மீன். அதில் ஏழு மீன், விரல் நீளத்துக்கு, வெள்ளிபோல மின்னிக்கொண்டு சுற்றின. எட்டாவது கொஞ்சம் பெரியது, கொஞ்சம் கறுத்தது. சுற்றாமல், துள்ளாமல், ஓர் ஓரமாக அசையாமல் நின்றது.

"இது மட்டும் ஏன் மாமா இப்படி நிக்குது?" என்று மைத்துனன் எட்டிப் பார்த்தான். மனைவியின் தம்பி. வேலை தேடுவதற்காக அக்கா வீட்டுக்கு வந்து, தேடிய களைப்பில் ஹாலில் படுத்தவன். இன்னும் எழுந்திருக்கவில்லை.

"அது ஒழுக்கமான மீன் மாப்ள. உன்னை மாதிரி இல்ல."

"என்னை மாதிரிதான் இருக்கு. சும்மாதானே நிக்குது? சாதுன்னு பேர் வெச்சிடலாம்."

பெயர் நிலைத்துவிட்டது. மனைவி ரொட்டியைப் பிய்த்துப் போட்டாள். ஏழு மீன்களும் அடித்துக்கொண்டு தின்றன. சாது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பாவம், அதுக்கு ஆசையே இல்ல," என்றாள் மனைவி. "இந்த வீட்ல ஒண்ணாவது அப்படி இருக்கட்டும். சரி, இனிமே நாம எங்க குளிக்கிறது?"

"ஞாயித்துக்கெழம வரைக்கும் பொறுத்துக்க. நான் நாற்காலியில உக்காந்தப்புறம் வியர்வையே வராது. குளிக்கவே வேணாம்."

வெள்ளிக்கிழமை காலை எண்ணிப் பார்த்தான். ஐந்து இருந்தன.

மறுபடி எண்ணினான். மறுபடியும் ஐந்துதான்.

"பூனை," என்றான். ஜன்னல் வழியாக வந்திருக்கும். டிரம்மின் மேல் ஒரு பலகையைப் போட்டு மூடினான். பூனை பலகையைத் தள்ளிவிட்டால்? பின்புறம், ஒழுகும் சுவரைப் பூசுவதற்காக வாங்கி, மூன்று மழைக்காலமாகப் பிரிக்காமலே வைத்திருந்த சிமெண்டு மூட்டை நினைவுக்கு வந்தது. அதைத் தூக்கி வந்து பலகை மேல் வைத்தான். இடுப்பு இந்த முறை இரண்டு இடத்தில் 'கடக்' என்றது. மூட்டை தூக்குவதிலிருந்து தப்பிக்க, லீவு போட்டுவிட்டு வீட்டில் மூட்டை தூக்கிய முதல் ஆள் அவனாகத்தான் இருக்கும்.

சனிக்கிழமை காலை மூட்டையை இறக்கி, பலகையை எடுத்துப் பார்த்தான். மூன்று இருந்தன. இரண்டு மடவை ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு நடுங்கின. சாது தன் ஓரத்தில் அமைதியாக நின்றது. கொஞ்சம் சதை போட்டிருந்தது.

"பாத்தியா, ஒண்ணும் திங்காமலே எப்படித் தேறியிருக்கு!" என்று மனைவியிடம் பெருமைப்பட்டான். "மனசு சுத்தமா இருந்தா உடம்பு தானா வரும்."

"உங்களுக்கு வரவே இல்லையே."

அதைக் காதில் வாங்காமல் யோசித்தான். சிமெண்டு மூட்டையைத் தூக்கி வைத்துவிட்டு மீனைத் தின்று, திரும்ப மூட்டையை எடுத்த இடத்தில் வைக்கிற பூனை உலகத்தில் கிடையாது. ஆகவே இது ஆள் வேலை. காவல் போட வேண்டும். சும்மா இருக்கிற ஆள் வீட்டில் ஒருவன்தானே?

"மாப்ள, மத்தியானம் நான் வர்ற வரைக்கும் நீ இங்கேயே உக்காரு. ஓர் ஈகூட உள்ள போகக் கூடாது."

மைத்துனன் அதுவரை எந்த வேலையையும் இவ்வளவு சிரத்தையாகச் செய்ததில்லை. மூடிப் பலகை மேலேயே ஏறி உட்கார்ந்தான். அங்கேயே சாப்பிட்டான். அங்கேயே உட்கார்ந்தபடி தூங்கினான்.

அரை நாள் வேலை முடிந்து வந்து மூட்டைக்காரன் பலகையைத் தூக்கினான். இரண்டுதான் இருந்தன. ஒரு மடவை. ஒரு சாது.

"எங்கடா இன்னொண்ணு?"

"எனக்கென்ன மாமா தெரியும்? நான் மூடி மேலேயேதான் உக்காந்திருந்தேன்!"

"அதான்டா கேக்குறேன்! நீ ஒருத்தன்தான் கிட்ட இருந்த!"

"பச்சை மீனைத் திங்க நான் என்ன கொக்கா?"

"வறுத்துத் தின்னிருப்ப!"

"அடுப்பை அக்காதானே வெச்சிருக்கு? அக்காவையும் திருடின்னு சொல்லுங்க!"

மனைவி சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்து நின்றாள். அந்தக் கரண்டியைப் பார்த்த பிறகாவது மூட்டைக்காரன் வாயை மூடியிருக்க வேண்டும்.

"மூணு வேளை ஓசிச் சோறு பத்தாதுன்னு என் இரையிலயும் கை வெச்சிட்டான்," என்றான்.

மைத்துனன் ஹாலுக்குப் போய்ப் பையை எடுத்தான். இரண்டு சட்டையைப் பையில் திணித்துக்கொண்டு படியிறங்கிப் போனான். அவன் அவ்வளவு வேகமாக நடந்து அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

"விரல் நீள மீனுக்காக எந்தம்பிய வெரட்டிட்டீங்க," என்றாள் மனைவி. "நீங்க அவன்கிட்ட மன்னிப்புக் கேட்டு, கையோட கூட்டிட்டு வரணும். அதுவரைக்கும் இந்த வீட்ல உங்களுக்குச் சோறு கெடையாது."

"நாளைக்கு நாற்காலி கெடைக்கட்டும். அதுல உக்காந்து சாவகாசமா யோசிக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை டிரம்மில் சாது மட்டும்தான் இருந்தது.

பட்டினியோடும், வளைந்த இடுப்போடும், ஒற்றை மீன் நீந்திய வாளியோடும் அவன் பாலத்துக்குப் போனான். மேனேஜர் புதுத் தொப்பி, புதுத் தூண்டில், கழுத்தில் கேமரா சகிதம் நின்றிருந்தார். மீன் ஒன்றைத் தவிர மற்ற எல்லாம் அவரிடம் தயாராக இருந்தது. ஏற்றத் தண்ணீர் பாலத்தின் தூண்களைச் சுற்றிச் சுழித்துக்கொண்டிருந்தது. நல்ல நேரம்.

"என்னய்யா, வாளி நெறைய இரைன்னு சொன்ன? ஒண்ணே ஒண்ணு நிக்குது?"

"திருட்டுப் போயிடுச்சு சார். இதுவும் போதும். இது நல்ல குணமுள்ள மீன்." இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கேட்டான்: "சார், அந்த கேட்டு வேலை..."

"அட, உன்கிட்டச் சொல்லவே மறந்துட்டேன். நேத்து சாயங்காலமே ஆள் போட்டாச்சு."

மூட்டைக்காரனுக்கு ஆறு, பாலம், மேனேஜர் எல்லாம் ஒரு சுற்றுச் சுற்றி நின்றன.

"யாரு சார்?"

"யாரோ ஒருத்தன், கையில பையோட வந்தான். காவலுக்கு முன் அனுபவம் இருக்கான்னு கேட்டேன். 'உசுருள்ள சரக்குக்குக் காவல் இருந்திருக்கேன் சார். உக்காந்த எடத்தை விட்டு எந்திரிக்கல, ஓர் ஈகூட உள்ள போகல'ன்னான். எங்க வேலை பாத்தன்னு கேட்டேன். எங்க மாமாகிட்டன்னான். சொந்த மாமாகிட்டயே சம்பளமில்லாம ஒழைச்சிருக்கான் பாரு!"

மூட்டைக்காரனுக்குப் பசி போய்விட்டது. மனைவி நினைப்பும் போய்விட்டது. மன்னிப்பும் போய்விட்டது. மெத்தை வைத்த நாற்காலி ஒன்றுதான் கண்ணுக்குள் நின்றது.

"சார், அவன்தான் சார் திருடன்! எம் மைத்துனன்! உங்க இரையத் தின்னதே அவன்தான்!"

"என்னய்யா சொல்ற? கண்ணால பாத்தியா?"

"ரெண்டு கண்ணாலயும் பாத்தேன் சார். பச்சையாத் தின்னான்."

மேனேஜர் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். "சிமெண்டு கோடவுனுக்குத் திருடனையா காவல் வெச்சேன்? நல்லவேளை சொன்ன. நாளைக்குக் காலையில அவனை எழுப்பிட்டு, உன்னை உக்கார வெக்கிறேன்."

மூட்டைக்காரன் நிமிர்ந்து நின்றான். பல வருடத்தில் முதல் முறையாக இடுப்பு வலிக்கவில்லை.

அப்போது வலைக்காரர் ஈர வேட்டியோடு பாலத்தின் மேல் நடந்து வந்தார். "எங்கே என் தலை?" என்று கேட்டுக்கொண்டே வாளிக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு கையை விட்டு, சாதுவின் வாயில் கட்டை விரலைக் கொடுத்துத் தூக்கினார். வயிறு எலுமிச்சம்பழத்தை விழுங்கியதுபோல உருண்டிருந்தது. பிளந்த வாய்க்குள்ளிருந்து வெள்ளியாக ஒரு சின்ன வால் எட்டிப் பார்த்தது.

மேனேஜர் வாலைப் பார்த்தார். பிறகு மூட்டைக்காரனின் இரண்டு கண்களையும் பார்த்தார்.

"பலகை போட்டு மூடி, காவலும் வெச்சேனே!" என்று மூட்டைக்காரன் முனகினான்.

"இருட்டுல பாக்காம அள்ளினதுல கொடுவாக் குஞ்சு ஒண்ணும் சேர்ந்து வந்திருக்குய்யா, அதை மடவையோட ஒண்ணாப் போட்டு மூடி காவலும் வெச்சியா?" என்றார் வலைக்காரர். "எப்படியோ உசுரு இரை போட்டு ஊட்டுக்குள்ளயே ஒரு கொடுவாவப் புடிச்சிட்ட, எம் மீனைத் தின்ன மீனோட தலை எனக்கு பாக்கி, கத்திய எடு."