வேர் தேடும் பேராசிரியர்

தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஓர் இனம் உண்டு. வேர்க்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் போனால் இவர் மெழுகுவத்தி தேடமாட்டார்; இருட்டின் கோட்பாட்டு வேரைத் தேடுவார்.

மாதிரிக்குப் பேராசிரியர் சபரிநாதனை எடுத்துக்கொள்வோம். ஓய்வு பெற்றவர், வாசிப்பு வட்டத் தலைவர். விமர்சனக் கோட்பாடு என்று ஒருமுறையாவது சொல்லாத நாளில் அவருக்குச் சோறு இறங்காது. கோட்பாட்டை நான் குறை சொல்லவில்லை. ஜெர்மனியில் தொழிலாளர் எழுச்சி தோற்றபின், மார்க்சியம் எதிர்பார்த்த வர்க்கம் ஏன் எழவில்லை என்று அங்கே சில அறிஞர்கள் கேட்டார்கள்; இந்தக் கோட்பாடு அதில்தான் பிறந்தது. கூலியையும் உடைமையையும் மட்டும் பார்த்தால் போதாது, வானொலி, சினிமா, குடும்பம், மனம் எல்லாவற்றையும் பார்க்கவேண்டும் என்றார்கள். நியாயமான கேள்வி. நம்மவர் கேள்வியைப் பிடித்துக்கொண்டார். பதில் வந்தால்தான் அவருக்குத் தொல்லை.

போன குறுவை அறுவடையில் பதில் வாசலுக்கே வந்தது. அரசு கொள்முதல் நிலையத்தில் நெல்லைத் திறந்தவெளியில் கொட்டிவிட்டு, எடைபோட ஆளில்லாமல் காத்துக்கிடந்த ராமாயியும் அவர் ஊர்ப் பெண்களும் சாலை மறியலுக்குக் கிளம்பி, வழியில் பேராசிரியர் வீட்டு வாசலில் நின்றார்கள். மேகம் திரண்டிருந்தது. மழைக்குமுன் எடை போட்டாக வேண்டும்.

"நீங்க முன்னால நின்னா போலீசு கொஞ்சம் மரியாதையாப் பேசும். வாங்கய்யா" என்றார் ராமாயி.

பேராசிரியர் நெகிழ்ந்துபோனார். எல்லோரையும் உட்காரச் சொன்னார். ஜெர்மன் தத்துவத்தில் தொடங்கி, மார்க்சியத்தில் திரும்பி, உளப்பகுப்பாய்வு வழியாகத் தொலைக்காட்சித் தொடர்களுக்கு வந்து, அவை உழைப்பாளியின் கோபத்தை எப்படி உறிஞ்சிக்கொள்கின்றன என்று விளக்கி, கடைசியில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "நீங்கள்லாம் ஏன் போராட வரமாட்டேங்கிறீங்க?"

ராமாயி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினார். "மறியலுக்குப் போறவங்களைப் பிடிச்சு உக்கார வச்சுட்டு, ஏன் போகலன்னு கேக்குறீங்களேய்யா. இது எந்த ஊரு நியாயம்?"

போய்விட்டார்கள். பேராசிரியர் பின்னாலேயே போனாரா? குடை எடுக்க உள்ளே போனார். அறிவாளிக்கும் மக்களுக்கும் இடையிலுள்ள இடைவெளி பற்றி ஒரு கட்டுரை தோன்றிவிட்டது. உட்கார்ந்துவிட்டார். அடுத்த ஞாயிறு வட்டத்தில் படித்தார். நல்ல கைதட்டல்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். விமர்சனக் கோட்பாடு மார்க்சியத்துக்குப் பிள்ளையா, பங்காளியா என்றுகூட யோசித்திருப்பீர்கள். ராமாயியின் நெல் என்ன ஆயிற்று என்று கேட்டீர்களா? மறியல் நடந்தது, எடைபோட ஆளும் வந்தார், மழை அதற்குள் வந்துவிட்டிருந்தது. பாதி நெல்லை ஈரம் அதிகம் என்று தள்ளிவிட்டார்கள்.

கேட்கத் தோன்றாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். வாசிப்பு வட்டத்தில் நாற்காலி காலியாக இருக்கிறது.