ஒருநாள் நோயாளி

"நோயாளி யாரு?" என்று வரவேற்பு மேசையில் இருந்த நர்ஸ் கேட்டாள்.

"நான்தான்" என்றார் செக்கிங் சார்.

பக்கத்தில் நின்ற அவர் மனைவி கைப்பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். நாற்பத்தொரு வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு எந்த இடத்தில் வாயைத் திறக்கக் கூடாது என்று தெரியாதா.

உண்மையில் நோயாளி அவள்தான். கணையத்தில் புற்றுநோய் வந்தது. பெரிய ஆஸ்பத்திரியில் ஏழு மாதம் பார்த்துவிட்டு, "இனிமே குணமாக்க மருந்து இல்லை. வலி தெரியாம பார்த்துக்கலாம். அதுக்குன்னே இருக்கிற இல்லத்துல சேர்த்துடுங்க" என்று சொல்லிவிட்டார்கள். மூன்று மாதம் இருக்கலாம், நான்கும் இருக்கலாம். ஊருக்கு வெளியே அப்படி ஓர் இல்லம் இருந்தது. எட்டே அறைகள். சேருவதற்கு முன்னால் ஒருநாள் வந்து இருந்து பார்க்கலாம் என்று போனில் சொன்னார்கள்.

செக்கிங் சார் மின்விசிறித் தொழிற்சாலையில் முப்பத்து மூன்று வருஷம் தரம் பார்த்தவர். ஓடுகிற ஃபேனுக்குக் கீழே கண்ணை மூடிக்கொண்டு நின்று, "உள்ளே ஏதோ உரசுது, திருப்பி அனுப்பு" என்பார். பிரித்துப் பார்த்தால் உரசிக்கொண்டுதான் இருக்கும். அங்கே வைத்த பேர் வீடு வரைக்கும் வந்துவிட்டது. ஓய்வு பெற்ற பிறகு அவர் பரிசோதிக்க மிஞ்சியது மனைவி ஒருத்திதான். அவளிடம் இத்தனை வருஷமாகக் குறை ஒன்றும் கிடைக்கவில்லை. இப்போது கிடைத்ததை அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. யாரோ டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. அது அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது.

"ஃபேன் சரியில்லைன்னா திருப்பி அனுப்பிடலாம். இதைத் திருப்பி அனுப்ப முடியாது. இடம் தப்பாயிடக் கூடாது" என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் அறுபத்து மூன்று கேள்விகள் எழுதினார். எழுதிய பிறகுதான் அந்த யோசனை வந்தது.

"உன்னைப் படுக்க வெச்சுட்டு நான் நோட்டோட பக்கத்துல நின்னா எல்லாரும் ஒழுங்காத்தான் நடந்துக்குவாங்க. நானே படுத்தாத்தான் வண்டவாளம் தெரியும்."

"அப்ப நான் யாரு?"

"நீ என் வீட்டுக்காரி."

"அது எனக்குத் தெரியும். அங்க வந்து நான் என்ன பண்ணணும்?"

"கவலையா உட்கார்ந்திரு."

"அது எனக்கு வராதுங்களே" என்றாள் அவள்.

வராததை வரவழைக்கப் பார்த்துக்கொண்டே இப்போது தாழ்வாரத்தில் முன்னால் நடந்தாள். தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயாம்மா வாளியை நகர்த்தி வழிவிட்டுச் சிரித்தாள். இவளும் சிரித்தாள். செக்கிங் சார் பார்த்தது தரையை மட்டும்தான். "ஈரம். வழுக்கும்" என்று குறித்துக்கொண்டார். அவர் நிமிர்ந்தபோது மனைவி இடது பக்கம் திரும்பி மூன்றாவது அறைக்குள் போயிருந்தாள். நர்ஸும் அவரும் பின்னால் போனார்கள்.

ஜன்னல் வைத்த நல்ல அறை. கட்டில் சத்தம் போடவில்லை. கதவு கிறீச்சிடவில்லை. விரிப்பில் மருந்து வாசனை இல்லை. குறையே இல்லாத இடத்தில் செக்கிங் சாருக்கு எப்போதும் ஒரு படபடப்பு வரும். படுத்து மேலே பார்த்தார். ஃபேன் 'டக்... டக்... டக்' என்றது.

அப்பாடா என்றிருந்தது அவருக்கு.

"எங்க வலிக்குது சார்?" என்று நர்ஸ் கேட்டாள்.

அவர் வயிற்றில் குத்துமதிப்பாக ஓர் இடத்தைக் காட்டினார்.

"அங்க இல்லைங்க" என்றாள் மனைவி. "இன்னும் கொஞ்சம் மேல. அங்கிருந்து முதுகுக்கு இழுத்துக்கிட்டுப் போகும். மல்லாந்து படுத்தா தாங்காது. முன்னால குனிஞ்சு உட்கார்ந்தா கொஞ்சம் தேவலை."

செக்கிங் சார் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். "முதுகு வலிக்குதா? என்கிட்ட நீ சொல்லவேயில்லையே?"

"உங்களுக்குத்தான் வலிக்குது. நான் ஞாபகப்படுத்தறேன், அவ்வளவுதான்."

"எத்தனை நாளா?"

"அதை நீங்கதான் சிஸ்டருக்குச் சொல்லணும்."

"...எத்தனை நாளா?" என்றார் மறுபடியும், சின்னக் குரலில்.

"நாலு மாசமா இருக்கும்னு எழுதிக்கோங்க சிஸ்டர்" என்றாள் அவள். நர்ஸ் எழுதிக்கொண்டாள். எழுதி முடித்துவிட்டு, நோயாளியை அப்படியே விட்டுவிட்டு, சாய்வு நாற்காலி ஒன்றை உருட்டிக்கொண்டு வந்து மனைவியை அதில் உட்கார வைத்தாள். முதுகுக்கு ஒரு தலையணை. மடியில் இன்னொரு தலையணை, அதன்மேல் குனிந்துகொள்ள வசதியாக.

"இப்படி இருந்தா நல்லாருக்காம்மா?"

"நல்லாருக்கும்மா."

செக்கிங் சார் போர்வைக்குள் நோட்டை விரித்தார். 'கேள்வி ஒன்பது: நோயாளிக்கு முதலிடம் தருகிறார்களா? இல்லை. கூட வந்தவரைத்தான் தாங்குகிறார்கள். பாதி மார்க்.'

அடுத்தது மணி. கட்டிலோரத்தில் ஒரு பொத்தான் இருந்தது. கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அழுத்தினார். நாற்பது விநாடியில் நர்ஸ் வந்தாள்.

"தண்ணி" என்றார். குடித்தார்.

ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி அழுத்தினார். முப்பத்தைந்து விநாடி. இரண்டாம் தடவை சீக்கிரம் வந்தால் சந்தேகப்பட வேண்டும். தொழிற்சாலையில் அப்படித்தான். "இன்னும் கொஞ்சம் தண்ணி" என்றார். மூன்றாவது தடவை முப்பத்தெட்டு. முகம் சுளிக்கிறாளா என்று உற்றுப் பார்த்தார். சுளிக்கவில்லை. மூன்றாவது தம்ளரும் இறங்கியது. அடுத்த கால் மணி நேரத்தில் அவருக்குப் பாத்ரூம் போக வேண்டியதாயிற்று. நடந்து போனால் குட்டு உடைந்துவிடும். நர்ஸ் சக்கர நாற்காலி கொண்டுவந்தாள். பிறந்தது முதல் யாரும் தள்ளிக்கொண்டு போகாத மனிதர், முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, "வலது சக்கரத்துக்கு எண்ணெய் போடணும்" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டு வந்தார்.

மதியம் சாப்பாடு வந்தது. வயிற்று நோயாளி என்பதால் அவருக்கு வடிகட்டிய சூப். கூட வந்தவருக்குக் குழைய மசித்த சாப்பாடு, சின்னக் கிண்ணத்தில். பசியோடு பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி ஒரு கரண்டி எடுத்தாள். இரண்டு. மூன்று. வீட்டில் மூன்றோடு நின்றுவிடும். நாலு. ஐந்து. அவர் தம்ளரைக் கீழே வைத்துவிட்டார். ஆறாவது கரண்டியையும் அவள் முழுங்கியபோது, 'கேள்வி இருபத்திரண்டு: சாப்பாடு. முழு மார்க்' என்று எழுதினார். அவருக்குக் கிடைத்த சூப்பில் உப்பே இல்லை. அதை எழுத மறந்துவிட்டார்.

அதற்கப்புறம்தான் வினை.

"ஒண்ணுல இருந்து பத்து வரைக்கும் சொன்னா இப்ப வலி எத்தனை சார்?" என்று நர்ஸ் கேட்டாள்.

என்ன செய்கிறார்கள் பார்க்கலாம் என்று, "எட்டு" என்றார்.

"எட்டா? இதோ ஊசி போட்டுடறேன்."

ஊசி என்றதும் போர்வை கழுத்து வரைக்கும் ஏறியது. "இல்லல்ல. மூணு."

"அதுக்குள்ள மூணு ஆயிடுச்சா?"

"ஆமா. விட்டு விட்டு வருது."

"விட்டு விட்டு வந்தா டாக்டர் பார்த்தாகணும் சார்."

"எதுக்குச் சிரமம்? வலியே இல்லை. சுத்தமா போயிடுச்சு."

"வலியே இல்லையா? அப்ப கண்டிப்பா டாக்டர் பார்த்தாகணும்."

சாய்வு நாற்காலியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அவர் மனைவி தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள். வலியோ என்று பதறிப்போனார். சிரிப்பு. அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாள் ஆயிற்று என்று கணக்குப் பார்க்க முயன்றார். முடியவில்லை.

டாக்டரம்மா வந்தார். நரைத்த தலை, கால் வலிக்கிறவர் மாதிரி மெதுவான நடை. நாடி பார்க்கவில்லை, வயிற்றை அமுக்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "பயமா இருக்கா?" என்று கேட்டார்.

அது கேள்வி நாற்பத்தொன்று. 'நோயாளியின் பயத்தைக் கேட்கிறார்களா?' மார்க் போடுவதற்காக நோட்டைத் தேடின கை பாதியில் நின்றுவிட்டது.

"சாயங்காலம் அஞ்சு மணிதான் பயமா இருக்கு" என்றார்.

டாக்டரம்மா காத்திருந்தார்.

"ஃபேக்டரியில அஞ்சு மணிக்குச் சங்கு ஊதும். நான் வீட்டுக்குப் போவேன். 'இன்னிக்கு எத்தனை திருப்பி அனுப்பினீங்க'ன்னு கேப்பா. ரிட்டயர் ஆன பிறகும் அந்த நேரத்துக்குத் தெருவுல ஒரு சுத்து சுத்திட்டு வீட்டுக்குள்ள வருவேன். அவ கேக்கணும்னுதான். அப்படி ஒண்ணுமே இல்லாத நாள்லயும் கேப்பா. இனிமே அஞ்சு மணிக்கு நான் எந்த வீட்டுக்குப் போறது?"

சொல்லி முடித்த பிறகுதான், நோயாளி பேசுகிற பேச்சா இது என்று உறைத்தது. டாக்டரம்மா திருத்தவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "சங்கு எவ்வளவு நேரம் ஊதும்?" என்று கேட்டார்.

"ஒரு நிமிஷம்."

"நீளமாத்தான் ஊதுவாங்க போல."

"தெரு முழுக்கக் கேக்கும்" என்றார் அவர். மூக்கை உறிஞ்சிக்கொண்டார். நாற்காலிப் பக்கம் பார்த்தார். மனைவி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாய்ந்திருந்த விதத்திலேயே களைப்பு தெரிந்தது. காலையிலிருந்து நோயாளி நாற்காலியில் இருக்கிறாள், நல்லா இருக்கிற தடியன் கட்டிலில் கிடக்கிறான். போர்வையை உதறி எழுந்தார்.

"டாக்டரம்மா, மன்னிச்சுக்கோங்க. நோயாளி நானில்லை."

"தெரியுமே."

"எப்படி?"

"மூணு தடவை பெல் அடிச்சப்பவும் வாட்ச்சைக் கழட்டிக் கையில வெச்சிருந்தீங்களாம். இங்க வந்து படுக்கறவங்க யாரும் விநாடி எண்ண மாட்டாங்க சார்."

செக்கிங் சார் கைக்கடிகாரத்தை எடுத்து மணிக்கட்டில் கட்டிக்கொண்டார். மனைவி மெல்ல எழுந்து வந்து, "நகருங்க, அது என் கட்டில்" என்றாள். நர்ஸும் அவருமாகப் பிடித்து அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். முதுகுக்குத் தலையணையை எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்று இப்போது அவருக்குத் தெரிந்திருந்தது. வைத்தார். வலிக்கு மருந்து கொடுத்துவிட்டு டாக்டரம்மா போனார்.

செக்கிங் சார் நோட்டை எடுத்து அரை மார்க்குகளை எல்லாம் முழுதாக்கினார். கேள்வி ஒன்பதை இரண்டு முறை அடித்துத் திருத்தினார்.

"எத்தனை சார்?" என்றாள் நர்ஸ்.

"அறுபத்து மூணுக்கு அறுபத்து ரெண்டு."

"ஒண்ணு எங்க போச்சு?"

அவர் விரலால் மேலே காட்டினார். டக்... டக்... டக்.

"ஆள் கிடைக்கலை சார். சொல்லிச் சொல்லி அலுத்துப் போச்சு."

"இதுக்கு ஆளா? றெக்கையில ஒரு ஸ்க்ரூ லூஸ். சத்தத்துலயே தெரியுது. இதுக்குக் கீழ ஒரு மனுஷி படுத்துத் தூங்கறதா? ஏணி இருக்கா?"

ஏணியை வாசலுக்கு வெளியிலேயே சாய்த்து வைத்திருந்தார்கள்.

"ஸ்க்ரூடிரைவர்?"

"என் பையில பாருங்க" என்றாள் மனைவி, கண்ணைத் திறக்காமல்.

எடுத்தார். ஒரு முழ நீளம் இருந்தது. "இதை எதுக்கு நீ பையில வெச்சுக்கிட்டுத் திரியற?"

"மூக்குக்கண்ணாடிக் காம்பு அடிக்கடி கழண்டுக்குதுங்க."

அத்தனை பெரிய ஸ்க்ரூடிரைவரால் முடுக்கக்கூடிய கண்ணாடி உலகத்தில் எங்கும் இல்லை. வேறு நாளாக இருந்தால் செக்கிங் சார் விட்டிருக்க மாட்டார். இன்றைக்கு ஏணியில் ஏறிவிட்டார். நர்ஸ் கீழே பிடித்துக்கொண்டாள். இரண்டு சுற்று முடுக்கினார். மற்ற றெக்கைகளையும் தொட்டுப் பார்த்தார், தூசியைத் துடைத்தார், இறங்கி வந்து சுவிட்சைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். ஃபேன் சத்தமில்லாமல் சுற்றியது. மனைவியின் மூச்சு மட்டும் கேட்டது.

"இவ இன்னியிலிருந்தே இங்க இருக்கட்டும் சிஸ்டர். நாளைக்கு வந்து ஃபேனை ஒரு தடவை பார்த்துடறேன். சில ஃபேன் ஒருநாள் கழிச்சு மறுபடி ஆரம்பிக்கும்."

"எத்தனை மணிக்கு சார் வருவீங்க?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "அஞ்சு மணிக்கு."

கட்டிலிலிருந்து குரல் வந்தது. "இன்னிக்கு எத்தனை திருப்பி அனுப்பினீங்க?"

"ஒண்ணும் இல்லை" என்றார். "எல்லாம் பாஸ்."

கையெல்லாம் கரி. கழுவிக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டுத் தாழ்வாரத்தில் போனார். போகிற வழியில் சக்கர நாற்காலியின் வலது சக்கரத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்ததால், அறைக்குள் நடந்தது அவர் காதில் விழவில்லை. நீங்களும் போய் அவரிடம் சொல்லிவிட வேண்டாம்.

ஆயாம்மா வாளியை வாசலில் வைத்துவிட்டுக் கட்டிலருகே வந்து, குனிந்து, மெதுவாகச் சொன்னாள்:

"போன மாசம் நீங்க தனியா வந்து சொல்லிட்டுப் போன மாதிரியே இந்த ஃபேனை யாரையும் தொட விடலைம்மா, ஸ்டோர் ரூம்ல இன்னும் பதினோரு பழைய ஃபேன் சேர்த்து வெச்சிருக்கோம், சாருக்கு வருஷக்கணக்குல சாயங்கால வேலை இருக்கும்."