மாடிவீட்டுக்காரரின் திருத்தங்கள்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். அங்கே நீங்களும் பாப்பாவும் பேரப்பிள்ளைகளும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நலமில்லாமல் இருப்பது நீங்கள் எங்களிடம் விட்டுப்போன கம்ப்யூட்டர். வெள்ளிக்கிழமை வந்து அதைச் சுத்தமாக அழித்துப் புதிதாகப் போடுவதாகப் போனில் சொன்னீர்கள். அதற்குள் இந்தக் கடிதம் உங்கள் கைக்குக் கிடைத்துவிட வேண்டும்.

நடந்ததை மறைக்காமல் சொல்கிறேன். முப்பத்து நான்கு வருஷம் ரெக்கார்டு ரூமில் இருந்தவன் நான். மூன்று வருஷம் யாரும் கேட்டு வராத ஃபைலைக் கழித்துவிட வேண்டும், கழித்ததை அன்றைக்கே எரித்துவிட வேண்டும், அங்கே அதுதான் முறை. உங்கள் கம்ப்யூட்டரில் அப்படி ஒரு ஃபோல்டர் கண்ணில் பட்டது. தேதி பழசு, உள்ளே இருந்த பெயர் ஒன்றும் வாயில் நுழையவில்லை. அழிக்கப் போனால் நிர்வாகியின் அனுமதி வேண்டும் என்றது. நம் வீட்டில் நிர்வாகி யார் என்று உங்களுக்கே தெரியும். சமையலறையைப் பார்த்துக் கேட்டேன், "எதையாவது பண்ணித் தொலைங்க" என்று அனுமதி கிடைத்தது. அழித்தேன், எரிப்பதற்குப் பதிலாகக் குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன். மறுநாள் கம்ப்யூட்டர் கண்ணே திறக்கவில்லை.

ரிப்பேர்காரர் வந்து பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார். "சார், சிஸ்டம் ஃபோல்டரையே தூக்கிட்டீங்க. இதே மாடல் யார்கிட்டயாவது இருந்தா சொல்லுங்க, அதுலேருந்து காப்பி பண்ணிப் போட்டுடலாம்" என்றார். மாடிவீட்டு டீச்சரிடம் இருந்தது. டீச்சரின் கணவர் அச்சகத்தில் புரூஃப் பார்த்துப் பிழை திருத்தியவர், போன வருஷம் காலமானார், அதற்கப்புறம் அவருடைய கம்ப்யூட்டரை யாரும் தொடவில்லை. டீச்சர் மேலே போர்த்தியிருந்த துணியை எடுத்துவிட்டுத் தள்ளி நின்றார். ஃபோல்டர் நமக்கு வந்தது, நம்முடையது ஓடியது, அவருடையது அத்தோடு நின்றுவிட்டது. ரிப்பேர்காரர் எவ்வளவு தட்டியும் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் குடிநீர் அலுவலகத்துக்கு நாலு நாளாகத் தண்ணீர் வரவில்லை என்று கம்ப்யூட்டரில் புகார் அடித்தேன். இருந்த தண்ணீரில் முகம் கழுவிவிட்டு வந்தால் நாலு என்பது மூன்று என்று இருக்கிறது. எண்ணிப் பார்த்தேன், மூன்றுதான். கை தவறியிருக்கும் என்று விட்டுவிட்டேன். அப்புறம் என் தங்கைக்கு, உடம்புக்கு ஒன்றுமில்லை என்று எழுதினேன். என் கண் முன்னாலேயே எழுத்தெல்லாம் ஒவ்வொன்றாக மறைந்து, "நெஞ்சு அடிக்கடி வலிக்கிறது, வீட்டில் சொல்லவில்லை" என்று வந்தது. என் இரண்டு கையும் மடியில் இருந்தது மாப்பிள்ளை. பின்னால் நின்ற உங்கள் அத்தை படித்துவிட்டாள். டாக்டர், டெஸ்ட், உப்பில்லாத சாப்பாடு எல்லாம் அந்த ஒரு வரியால் வந்த வினை. ரிப்பேர்காரரைக் கூப்பிட்டேன். வைரஸ் என்று சொல்லி ஏதோ செய்தார், "சரியாகிவிட்டது" என்று அடித்துக் காட்டினார். அது "இவருக்கு ஒன்றும் புரியவில்லை" என்று மாறியது. பையைத் தூக்கிக்கொண்டு போனவர் இப்போது என் போனை எடுப்பதில்லை.

டீச்சரிடம் சொல்லாமல் எத்தனை நாள் இருப்பது? சொன்னதும் இறங்கி வந்தார். "நான் நல்லா இருக்கேன்" என்று அடித்துவிட்டுக் காத்திருந்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் அந்த வரி போய், "காலையிலிருந்து சாப்பிடவில்லை" என்று வந்தது. டீச்சர் அழவில்லை. "அவர் இப்படித்தான் சார், தப்புன்னு பட்டா விடவே மாட்டார்" என்று சொல்லிவிட்டு, உங்கள் அத்தையிடம் தட்டைக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இப்போது தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு வந்து ஒரு வரி அடிக்கிறார், திருத்தத்தைப் படிக்கிறார், போகிறார். முகம் தெளிந்திருக்கிறது.

அதனால் மாப்பிள்ளை, தயவுசெய்து அழிக்க வேண்டாம். ஏதோ பழைய ஃபைல் என்று நினைத்து ஒரு தடவை அழித்தவன் நான். உள்ளே ஓர் ஆளே இருப்பது தெரிந்து அழிக்க எனக்கு மனசு வரவில்லை. டீச்சருக்கு வேறு யாரும் இல்லை.

உங்கள் எல்லோருக்கும் எங்கள் ஆசிகள். சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பி.கு.: இதைப் பேனாவால் எழுதுகிறேன். பேனாவுக்குள் அவர் வரமாட்டார் என்ற தைரியம்தான். மேலே இருப்பது நான் அடித்த கடிதம் இல்லை. நான் அடித்தது நாலே வரி: டீச்சருக்குப் பிரமை பிடித்துவிட்டது, நானும் உங்கள் அத்தையும் அந்த அறைப் பக்கமே போவதில்லை, வெள்ளிக்கிழமைவரை காத்திருக்காமல் உடனே வந்து எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். பிரிண்ட் எடுத்தால் இது வந்தது. கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி அடித்தேன், மறுபடியும் இதுவே வந்தது. உட்கார்ந்து படித்துப் பார்த்தேன். நடந்ததில் தப்பு எதுவும் இல்லை. கடைசிப் பத்தியில் மட்டும், நான் யாரிடமும் சொல்லாத ஒன்றை என் மனசில் இருப்பதாக எழுதியிருக்கிறார். அதை இன்னொரு தடவை படித்தேன். அதிலும் தப்பு இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.