மூன்று அட்டைகளும் ஒரு கையெழுத்தும்

ஸ்பிரிங் இன்றும் வரவில்லை.

குடைத் தொழிற்சாலையில் மற்ற எல்லாம் இருந்தன. துணி இருந்தது. குடைக்கம்பி இருந்தது. வளைந்த கைப்பிடிகள் பெட்டி பெட்டியாக இருந்தன. விரித்த குடை மூடிக்கொள்ளாமல் தாங்கிப் பிடிக்கும், சுண்டுவிரல் நகத்தளவேயான அந்த ஸ்பிரிங் மட்டும் இல்லை. சனிக்கிழமை மாலைக்குள் பள்ளிக்கூடங்களுக்கு இரண்டாயிரம் குடைகள் போயாக வேண்டும். இன்று செவ்வாய்.

இத்தகைய நிலையில் பிறர் கலங்குவார்கள். கொள்முதல் மேலாளர் கலங்கவில்லை. உள்ளூரச் சற்று மகிழ்ந்தார் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுவதே முறை. இப்படி ஒரு நாளுக்காகத்தான் மூன்று வாரங்களுக்கு முன் தம் அறைச் சுவரில் அந்தப் பலகையை அவர் மாட்டியிருந்தார்.

பலகை முழுவதும் கொக்கிகள். கொக்கிக்கு ஓர் அட்டை. குடையின் ஒவ்வொரு பாகத்துக்கும் மூன்று அட்டைகள், அதாவது மூன்று சப்ளையர்கள். ஒருவர் கைவிட்டால் அவருடைய அட்டையைக் கழற்றிவிட்டு அடுத்தவருடையதை முன்னால் மாட்டினால் போதும். வேறெதையும் தொட வேண்டியதில்லை. கொக்கிகளையும் அவரே செய்தார். குடைக்கம்பிக் கட்டுகளைச் சுற்றி வரும் கட்டுக்கம்பியை வளைக்க முயன்று, அது வளைய மறுத்து இருமுறை அவர் மூக்கில் அடித்த பிறகு, மூன்றாம் முறை வென்றார்.

"இனிமே எந்தத் தனி மனுஷனாலயும் நம்ம தொழிற்சாலையை நிறுத்த முடியாது, முதலாளி" என்று அவர் விளக்கியபோது, முதலாளி ஓர் அட்டையைக் கழற்றித் திரும்ப மாட்டிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இது வேலை செய்யலைன்னா முதல்ல கழட்டப்போறது உம்ம அட்டையைத்தான்யா" என்றார்.

பலகையோடு ஒரு விதியும் பிறந்தது. உள்ளே வருவதும் வெளியே போவதும் தெரியாமல் எந்த ஏற்பாடும் நிலைக்காது அல்லவா? ஆகவே, மேலாளர் கையெழுத்திட்ட சீட்டு இல்லாமல் ஒரு துரும்புகூட வாயிலைத் தாண்டக் கூடாது. தொழிலாளர்கள் அன்று முதல் அவரை 'மாற்று சார்' என்று அழைக்கலாயினர். அவர் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

இப்போது மாற்று சார் ஸ்பிரிங்காரருக்குத் தொலைபேசியில் பேசினார்.

"அண்ணா, ஸ்பிரிங் என்ன ஆச்சு?"

"கம்பி வரல தம்பி."

"எப்ப வரும்?"

"வர்றப்ப வரும்."

"வேற கம்பியில செய்யலாமே?"

"செய்யலாம். குடை உங்களுக்குத் தலையாட்டும், பரவாயில்லையா? நான் போடறது தனி எஃகு. அது எங்கேருந்து வருதுன்னு மட்டும் கேக்காதீங்க, தொழில் ரகசியம்."

மேலாளர் மிகுந்த மரியாதையுடன் தொலைபேசியை வைத்தார்; அதைவிட மிகுந்த மரியாதையுடன் ஸ்பிரிங்காரரின் அட்டையைக் கழற்றினார். கொக்கி 'டிங்' என்றது. வாழ்க்கையில் இவ்வளவு இன்பமான ஓசையை அவர் கேட்டதில்லை.

கதவோரம் யாரோ இருமினார்கள். துப்புரவு வேலை பார்க்கும் அம்மாள்.

"சார், இதுல ஒரு கையெழுத்து..."

"என்னம்மா இது?"

"பின்னாடி மலை மாதிரி சேர்ந்து கிடக்கு சார். வெளிய கொண்டுபோகணும்."

அவர் சீட்டின் தலைப்பை மட்டும் பார்த்தார். 'கழிவு' என்றிருந்தது. இது நான்காவது வருகை. முதல் முறை தேதி இல்லை, இரண்டாம் முறை நகல் இல்லை, மூன்றாம் முறை நகலில் தேதி இல்லை.

"தப்பா நினைக்காதீங்கம்மா. பென்சில்ல எழுதியிருக்கீங்க. பேனாவுல எழுதினாத்தான் செல்லும்."

"அதுல யாருக்குப் போகுதுன்னு எழுதியிருக்கேன், அதையாவது ஒரு தடவை படிச்சு..."

"பேனாம்மா. தயவுசெஞ்சு."

அம்மாள் சீட்டை மடித்து எடுத்துக்கொண்டு போனாள்.

இரண்டாம் அட்டை, இரும்புக் கடைக்காரர். "ஸ்பிரிங்தானே? தூங்கி எழுந்திருங்க சார், வாசல்ல இருக்கும்" என்றார் அவர். மேலாளர் தூங்கினார், எழுந்தார். வாசலில் பால் பாக்கெட் மட்டும் இருந்தது.

புதன்கிழமை மூன்றாம் அட்டை முன்னுக்கு வந்தது. அவர் சாவி கொடுத்தால் குதிக்கும் பொம்மைகள் செய்பவர். "நாளைக்கே தர்றேன்" என்றார். மேலாளருக்கு இருவர்மீதும் முழு நம்பிக்கை வரவில்லை. ஆகவே ஒருவர் தவறினாலும் மற்றவர் ஈடுகட்டட்டும் என்று தேவையைப் போல் இருமடங்காக, இருவரிடமும் நாலாயிரம் நாலாயிரமாகக் கேட்டு வைத்தார். வியாழக்கிழமை மாலைவரை எட்டாயிரம் ஸ்பிரிங்குகளில் ஒன்றுகூட வரவில்லை.

அன்று வீட்டில், தட்டை நகர்த்தி வைத்துவிட்டு உப்புக் குப்பி, தண்ணீர்ச் செம்பு, மூக்குக் கண்ணாடி ஆகியவற்றை இடம் மாற்றி மாற்றி வைத்துத் தம் ஏற்பாட்டை மனைவிக்கு விளக்கினார்.

"அந்தப் பலகையில எனக்கும் மூணு அட்டை மாட்டியிருக்கீங்களா?" என்று கேட்டாள் மனைவி.

"சேச்சே! உனக்கு மாற்று ஏது?"

"அப்ப நான் நாலு நாள் எங்க அக்கா வீட்டுக்குப் போனா இந்த வீடு நின்னுடும். அப்படித்தானே?"

அவர் உப்புக் குப்பியைப் பழைய இடத்தில் வைத்துவிட்டுத் தட்டை இழுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை மாலை அவருக்கு ஒரு யோசனை பிறந்தது. ஸ்பிரிங்கே எதற்கு? துணி உலர்த்தும் கிளிப் ஒன்றைத் தண்டில் மாட்டினால் குடை நிற்காதா? மாட்டினார். நின்றது. ஓடிப்போய் முதலாளி கையில் கொடுத்தார்.

முதலாளி குடையை விரித்து, தலைக்கு மேல் பிடித்து, "அட, பரவாயில்லையே" என்று சொல்லத் தொடங்கினார். 'பரவா' வரைதான் வெளியே கேட்டது. கிளிப் தெறித்துப் போய் அவருடைய காப்பியில் விழுந்தது. குடை அவரைத் தோள்வரை விழுங்கிக்கொண்டது.

"மாற்று!" என்றது குடை.

"முதலாளி..."

"நாளைக்குச் சாயங்காலம் ரெண்டாயிரம் குடை போகலைன்னா, நீர் திங்கட்கிழமை வர வேண்டாம். இப்ப என்னை வெளிய எடும்!"

எடுத்துவிட்டு, மேலாளர் நேராக ஸ்பிரிங்காரரின் பட்டறைக்கு ஓடினார். தாம் கழற்றிய அட்டையிடமே திரும்பிப் போவது எவ்வளவு கசப்பானது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அதைவிடக் கசப்பு, பட்டறை பெஞ்சில் அவருக்கு முன்பே இருவர் உட்கார்ந்திருந்தது. ஒருவர் இரும்புக் கடைக்காரர், மற்றவர் பொம்மைக்காரர்.

"நீங்க ரெண்டு பேரும் இங்க என்ன பண்றீங்க?"

"ஸ்பிரிங்குக்குத்தான் சார்" என்றார் பொம்மைக்காரர், சுவரைப் பார்த்தபடி. "இந்த ஊர்ல இவரை விட்டா வேற யாரு செய்யறா?"

ஸ்பிரிங்காரர் சிரித்தார். "எட்டாயிரம் கேக்குறாங்க தம்பி. உலகத்துக்கே குடைப் பைத்தியம் பிடிச்சிடுச்சுன்னு நினைச்சேன். எல்லாம் நீங்கதானா?"

மேலாளர் பெஞ்சின் ஓரத்தில் மெல்ல உட்கார்ந்தார். மூன்று அட்டைகள், மூன்றுக்குப் பின்னாலும் ஒரே ஆள்.

"அண்ணா, என் வேலையே போயிடும். கம்பி கிடைச்சா நாளைக்குக் காலையில ரெண்டாயிரம் தருவீங்களா?"

"மெஷின் சும்மாதானே தூங்குது! விடியறதுக்குள்ள சுத்தித் தள்ளிடுவேன். ஆனா கம்பி கொண்டுவர்ற அம்மா மூணு வாரமா வெறுங்கையோட வருது. அது வேலை செய்யற இடத்துல எவனோ ஒரு மேலாளர் விட மாட்டேங்கறானாம்."

"ஏன் விடல?"

"யாருக்குத் தெரியும்? குப்பையில போடற கம்பிதான். அவனுக்கு எந்தப் பிரயோஜனமும் இல்ல."

மேலாளருக்கு முதன்முறையாகக் கோபம் வந்தது. "குப்பையையுமா பிடிச்சு வச்சிருக்கான்? அவனால எத்தனை பேர் வேலை நிக்குது! எந்த இடம், சொல்லுங்க."

"அதெல்லாம் நான் கேட்டதில்ல தம்பி. கேட்டா அப்புறம் ரகசியம் ஏது? அந்தம்மா வீடு மட்டும் தெரியும். வாங்க."

இருவரும் நடந்தார்கள். இரண்டு தெருக்கள் தாண்டும்வரை மேலாளர் வாய் ஓயவில்லை.

"இப்படி ஒரு ஆளை எந்த முதலாளி அண்ணா வேலைக்கு வச்சிருக்கான்? எனக்குக் கீழ இருந்திருந்தா அன்னைக்கே கழட்டியிருப்பேன்!"

"மெதுவா தம்பி, மெதுவா."

"முடியாது. நான் யாரையும் கடிஞ்சு பேசினதில்ல. ஆனா இந்த ஆளை நேர்ல பார்த்தா, உனக்கு அறிவிருக்கான்னு கேக்காம விடமாட்டேன்!"

"வீடு வந்துடுச்சு" என்று கதவைத் தட்டினார் ஸ்பிரிங்காரர்.

கதவு திறந்தது. உள்ளே விளக்கடியில் விரித்து வைத்த ஒரு சீட்டு. பக்கத்தில் அதன் நகல். இரண்டின் மேலும் ஒரு புத்தம் புதிய பேனா. கதவைப் பிடித்தபடி நின்ற துப்புரவு அம்மாளைக் கண்டதும் மேலாளர் வாய் திறந்தது திறந்தபடியே நின்றது.

"நல்லவேளை, வீட்லதான் இருக்கியாம்மா" என்றார் ஸ்பிரிங்காரர் உற்சாகமாக. "கம்பியைப் பிடிச்சு வச்சிருக்கானே உங்க மேலாளர், அவனை நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி நாலு கேள்வி கேக்கணும்னு தம்பி வந்திருக்கார். அவன் எங்க இருப்பான்னு கொஞ்சம் சொல்லு."

அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, உள்ளே போய், மறு கையால் சீட்டையும் பேனாவையும் எடுத்து வந்து நீட்டினாள்.

"எங்கயும் தேட வேண்டாம் அண்ணா, இதோ நம்ம வாசல்லதான் நிக்கிறாரு... இந்தாங்க சார், அதே கட்டுக்கம்பிக் கழிவுச் சீட்டுதான்; தேதி போட்டாச்சு, நகல் இருக்கு, எல்லாம் பேனாவுலதான் எழுதியிருக்கேன்."